கோட்டை பார்க்கப் போய்ப் பூக் கேட்ட கதை

எட்டு வயதில் எனக்குத் தெரியாதது என்று உலகத்தில் எதுவும் இருக்கவில்லை. அம்மா அடுக்களையில் நின்று போனில் தாழ்ந்த குரலில் பேசினால், நான் கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே முழுவதையும் கேட்டுவிடுவேன். ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிற பழக்கமெல்லாம் என்னிடம் கிடையாது. வாங்கியதை வாங்கியபடியே வைத்துக்கொள்வேன். ஆகவே, சங்ககிரிக் கோட்டைக்கு நாங்கள் போவது கோட்டை பார்ப்பதற்கல்ல என்பது அப்பாவுக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருந்தது.

விஷயம் சித்தியின் கல்யாணம். சித்தி, அம்மாவின் ஒரே தங்கை. ஆனைமலையில் அப்புச்சியின் தென்னந்தோப்பில் வளர்ந்தவள். கோயமுத்தூரில் எங்கள் ஆர்.எஸ்.புரம் வீட்டில் தங்கி வேளாண்மை படித்தவள். அப்புச்சி என்றால் அம்மாவின் அப்பா. சித்தி படிப்பை முடித்த சமயத்தில், சங்ககிரியில் சொந்தமாக லாரிகள் ஓட்டும் குடும்பம் ஒன்று அவளைப் பெண் கேட்டது. நல்ல குடும்பம், நல்ல பையன், யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து அந்தப் பையனின் அப்பா பேச்செடுக்க, அப்புச்சியும் ரசத்துக்கும் மோருக்கும் நடுவே, "எம்பட புள்ள உங்க ஊட்டுக்குத்தானுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். தென்னை நோய்களைப் பற்றி மேலே படிக்கச் சித்திக்கு டெல்லியில் இடம் கிடைத்த செய்தி அதற்குப் பிறகுதான் வந்தது.

அப்புச்சி சொன்னால் சொன்னதுதான். தேங்காய் விலை ராத்திரியோடு ராத்திரியாக ஏறினாலும், முதல் நாள் பேசிய வியாபாரிக்குத்தான் காய் போடுவார். தோப்புக்கு வரும் வியாபாரிகள் அவரை அதற்காகவே மெச்சுவார்கள். வீட்டில் இருப்பவர்கள் அதற்காகவே பல்லைக் கடிப்பார்கள். டெல்லிக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து கல்யாணம் செய்யலாமா என்று அம்மா லாரிக்காரர் வீட்டில் பதமாகக் கேட்டுப் பார்த்தாள். அவர்கள் சிரித்துக்கொண்டே, மரியாதை குறையாமல், வேண்டாம் என்றார்கள். சித்தி சாப்பாட்டில் பாதியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போகத் தொடங்கினாள். டெல்லியில் சேர அவளுக்கு இருந்த அவகாசம் குறைந்துகொண்டே வந்தது.

கடைசியில் ஒரு வழிதான் மிச்சமிருந்தது. எங்கள் பக்கத்தில் சாமியிடம் பூக் கேட்காமல் எந்தச் சம்பந்தத்தையும் உறுதி செய்ய மாட்டார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டையும் உள்ளே இருப்பது தெரியாமல் கட்டிச் சாமி முன்னால் வைப்பார்கள். விவரம் தெரியாத ஒரு குழந்தை அதில் ஒன்றை எடுத்துக் கொடுக்கும். வெள்ளை வந்தால் நடத்தலாம், சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும். சாமியே வேண்டாமென்று சொன்ன பிறகு கொடுத்த வாக்கும் கொடுக்காத வாக்காகிவிடும். யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. லாரிக்காரர் குடும்பம், தங்கள் ஊர் மலைமேல் இருக்கும் பெருமாளிடம்தான் கேட்க வேண்டும் என்றது. அந்தப் பெருமாள் கோயில் கோட்டைக்குள் இருந்தது.

விவரம் தெரியாத குழந்தையாக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள்.

வெள்ளைக்கு என்ன அர்த்தம், சிவப்புக்கு என்ன அர்த்தம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் எதுவும் தெரியாத முகத்தை வைத்துக்கொண்டேன். அதுவும் எனக்குத் தெரியும். என் மனசில் வெள்ளைதான் வர வேண்டும் என்றிருந்தது. கல்யாணம் நடந்தால் எனக்கு மாம்பழ மஞ்சளில் பட்டுப்பாவாடை வரும். அதைவிட முக்கியம், லாரியின் முன்சீட்டில் உட்கார்ந்து ஹார்ன் அடிக்கலாம். டெல்லியால் எனக்கு என்ன லாபம்?

கோட்டை பார்க்கப் போகும் ஏற்பாடு அம்மாவின் மூளை. பூக் கேட்டு வெள்ளை வரவில்லை என்றால் பெண்ணுக்குத்தான் பேச்சு வரும். அடுத்த வரன் வருவதற்குள் அது அவிநாசி வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே பூக் கேட்டதே வெளியில் தெரியக்கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கோட்டையை வழிகாட்டியோடு நடந்து சுற்றிக் காட்டுகிறார்கள் என்று அம்மா எங்கோ விசாரித்து, எங்கள் பெயரையும் அதில் சேர்த்துவிட்டாள். இப்படியாக எங்கள் குடும்பம் ஒரே நாளில் வரலாற்றில் ஆர்வம் கொண்டது.

ஐப்பசி மாதம். பெருந்துறை தாண்டும்போது பிடித்த மழை, மலையடிவாரத்தில் கார் நின்ற பிறகும் விடவில்லை. அம்மாவுக்குக் கால் சுளுக்கு, வீட்டிலேயே இருந்துவிட்டாள். அப்பா கார் ஓட்டி வந்ததோடு சரி. மாமனார் வீட்டுச் சம்பந்த விஷயத்தில் மூத்த மாப்பிள்ளை தலையிட்டால் எப்படி முடிந்தாலும் கெட்ட பெயர் தனக்குத்தான் என்று கண்டுகொண்டவர், சீட்டைப் பின்னால் சாய்த்துப் படுத்துவிட்டார். ஆக மலையேறியது அப்புச்சி, சித்தி, நான் மூவரும்தான். அப்புச்சி கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் தோப்பில் பறித்த நந்தியாவட்டை, செவ்வரளி, வாழையிலை, நார், ஒரு தேங்காய். நான் ரோஸ் நிறத்தில் தலையை மூடும் மழைக்கோட்டு போட்டிருந்தேன். சித்தியை அம்மா விடிகாலையிலேயே பட்டுச் சேலை கட்டி அனுப்பியிருந்தாள்.

வழிகாட்டி ஓர் இளம் பெண். நீல மழைக்கோட்டு, இடுப்பில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒலிபெருக்கிப் பெட்டி. அது மழையில் நனைந்து அவ்வப்போது கீச்சிட்டது. எங்களோடு கல்லூரிப் பையன்கள் சிலரும், கேமராவைக் குழந்தை மாதிரி துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு தம்பதியும் வந்திருந்தார்கள். வழிகாட்டி சித்தியை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏனுங்க, பட்டுச் சேலையிலயா மலை ஏறப்போறீங்க?"

"வரலாறுன்னா எங்களுக்கு அவ்வளவு மரியாதைங்க" என்றாள் சித்தி.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அப்பா வந்து சேர்ந்தார். நான் அவருக்கு லாரித் தாத்தா என்று பெயர் வைத்திருந்தேன். பெரிய உடம்பு, வெள்ளை வேட்டி, நான்கு பேர் நிற்கக்கூடிய குடை. எதேச்சையாகச் சந்தித்தது போல நடிக்க வேண்டும் என்று பேச்சு. அவர் அதைக் கொஞ்சம் அதிகமாகவே செய்தார். "அடடே! வாங்க வாங்க! நீங்களும் கோட்டை பாக்க வந்தீங்ளா? என்னங்க இது அதிசயமா இருக்குது!" என்று மலை எதிரொலிக்கும்படி கத்தினார். அப்புச்சிக்கு நடிப்பு வராது. "ஆமாங்க, நேத்துப் போன்ல பேசுனமே" என்றார்.

நடை ஆரம்பித்தது. படிகளில் தண்ணீர் எங்களுக்கு எதிராக இறங்கி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வாசலிலும் அந்தப் பெண் நின்று பேசினாள். வாசல்களைத் தள்ளித் தள்ளியும் வளைத்து வளைத்தும் கட்டியது, எதிரி ஒரே ஓட்டமாக ஓடி வந்துவிடக் கூடாது என்பதற்காம். இடிந்து கிடந்த ஒரு மேட்டைக் காட்டி, "இங்க சிப்பாய்ங்க நின்னுருப்பாங்க, கொஞ்சம் கற்பனை பண்ணிக்கோங்க" என்றாள். வெறும் கல்லைக் காட்டி, "இங்க ஒரு கதவு, கற்பனை பண்ணிக்கோங்க" என்றாள். பார்ப்பதற்கு இருந்ததைவிடக் கற்பனை செய்வதற்குத்தான் நிறைய இருந்தது. எனக்கு அதில் எந்தக் கஷ்டமும் இல்லை. நான் எல்லா வாசலிலும் மஞ்சள் பட்டுப்பாவாடையில் நின்றேன்.

"இந்த வாசல் ஏன் இவ்வளவு உசரம்? யாராச்சும் சொல்லுங்க பாக்கலாம்" என்று அவள் ஓரிடத்தில் கேட்டாள்.

"லாரி போறதுக்கு!" என்றேன்.

கல்லூரிப் பையன்கள் சிரித்தார்கள். லாரித் தாத்தாவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "கெட்டிக்காரி! இது எங்கூட்டுக்கு வரவேண்டிய புள்ளைங்க!" என்று என் தலையில் கை வைத்தார். வழிகாட்டி மட்டும் யானை என்று திருத்தினாள். யானையைவிட லாரி உயரம் என்பது அவளுக்குத் தெரியவில்லை, நான் விட்டுவிட்டேன்.

பாதி மலையில் மழை வலுத்தது. தம்பதி கேமராவை நினைத்துத் திரும்பிவிட்டார்கள். கல்லூரிப் பையன்கள் வழுக்கி விழுந்து, சிரித்து, மறுபடியும் விழுந்து, அவர்களும் இறங்கிவிட்டார்கள். வழிகாட்டி ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, "நாமும் எறங்கிரலாமுங்களா? பாறை வழுக்கும்" என்றாள். லாரித் தாத்தா அசையவில்லை. "மேல பெருமாளைப் பாக்காம எறங்கறதா? அதெப்படிங்க!" என்றார். கொஞ்சம் மழை குறையட்டும் என்று, காவல்காரர்கள் தங்கியதாக அவள் சொன்ன ஒரு கல் அறைக்குள் ஒதுங்கினோம்.

லாரித் தாத்தா வாசலருகே நின்று வழிகாட்டிக்கு டீசல் விலையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். உள்மூலையில் நாங்கள் மூவரும். சித்தி சேலை முந்தானையைப் பிழிந்தாள்.

"ஏங்கண்ணு, எந்தப் பொட்டணம் எடுக்கறதுன்னு நெனச்சு வெச்சிருக்கியா?" என்று என்னிடம் கேட்டாள்.

"நானா எடுப்பேன்? சாமிதான் எங்கையைப் புடிச்சு எடுக்க வெக்கும்."

"செரி. சாமிக்கு டெல்லி எந்தப் பக்கம் இருக்குதுன்னு தெரியுமான்னு கேட்டுப் பாரு."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அப்புச்சி அவளைத் திரும்பிப் பார்த்தார். வாரக்கணக்காக அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. எல்லாம் அம்மா வழியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தது. அங்கே அம்மா இல்லை.

"அப்பா, நான் படிக்கோணுங்க" என்றாள் சித்தி. குரல் உயரவில்லை. "அந்தப் பையன் மேல எனக்கு ஒண்ணும் இல்லீங்க. அவிய நல்லவிய. ஆனா நான் படிக்கோணும்."

அப்புச்சி மஞ்சள் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"சொல்லிப்போட்டனே கண்ணு" என்றார். "பந்தியில உக்காந்து, சோத்துல கைய வெச்சுட்டுச் சொல்லிப்போட்டேன். இனி நான் எப்புடி இல்லைன்னு போய் நிக்கறது? பெருமாளு என்ன சொல்றாரோ பாக்கலாம்."

"செரிங்க" என்று சொல்லிவிட்டுச் சித்தி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு இது அநியாயமாகப் பட்டது. பட்டுப்பாவாடையை நினைத்தாவது அவள் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கலாம்.

டீசல் விலையிலிருந்து தப்பிப்பதற்கோ என்னவோ, வழிகாட்டி எங்கள் பக்கம் வந்து மறுபடியும் கோட்டைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். ஒலிபெருக்கி இல்லாமல் அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. இவ்வளவு சுவர், இவ்வளவு வாசல், இவ்வளவு காவல் வைத்துக் கட்டிய கோட்டைகள் பழைய காலத்தில் எப்படி விழுந்தன தெரியுமா என்று கேட்டாள். பீரங்கி என்றேன். அவள் தலையாட்டினாள்.

"பீரங்கியும் உண்டு. ஆனா நெறைய எடத்துல, உள்ள இருந்த ஆரோ ஒருத்தர்தான் கதவைத் தொறந்து உட்டுருக்காங்க. வெளிய இருந்து எத்தனை முட்டினாலும் தொறக்காத கதவு, உள்ள இருந்து ஒரு கை பட்டாத் தொறந்துக்கும்."

அப்புச்சி அதுவரை அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. இப்போது கேட்டார். "அப்புடித் தொறந்து உட்டவிய பேரெல்லாம் தெரியுமுங்களா அம்மணி?"

"தெரியாதுங்க அய்யா. அவிய வெளிய சொல்ல மாட்டாங்க. சொன்னா ரெண்டு பக்கமும் பொல்லாப்புத்தானுங்களே."

அப்புச்சி தலையை மெல்ல ஆட்டிக்கொண்டார். வரலாறு அவருக்குப் பிடிக்க ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன்.

மழை சற்றே குறைந்ததும் மறுபடி ஏறினோம். அப்புச்சி எப்போதும் முன்னால் நடப்பவர், அன்று பின்தங்கினார். உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறைக்கு நடுவில் ஒரு சுனை. மற்றவர்கள் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள். நான் அவரைக் கூட்டிவரத் திரும்பி ஓடினேன். அப்புச்சி சுனையோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் முழுக்க வெள்ளை வெள்ளையாக நந்தியாவட்டைப் பூக்கள் மிதந்தன. மழைத்துளி விழ விழ ஒவ்வொன்றும் திரும்பித் திரும்பி ஆடியது. அழகாகத்தான் இருந்தது.

"அப்புச்சி, பூவெல்லாம் உழுந்துருச்சுங்க!" என்று கத்தினேன்.

அவர் திடுக்கிட்டு எழுந்தார். "உழுகுல கண்ணு. இந்தச் சொனையிலயும் ஒரு சாமி இருக்குது. அதுக்குத்தான் போட்டேன்."

எனக்குச் சமாதானமாகிவிட்டது. சாமிகள் எங்கெங்கே இருக்கும் என்பது அப்புச்சிக்கு நன்றாகத் தெரியும். நான் கரையோரமாக ஒதுங்கி வந்த ஒரு பூவை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கி ஒரு நிமிடம் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு என் மழைக்கோட்டின் தலைமூடியை விலக்கி, சடையில் அதைச் செருகி, மறுபடியும் தலையை மூடிவிட்டார். "நனையாம இரு" என்றார்.

உச்சியில் பெருமாள் கோயில் சாத்தியிருந்தது. மழைக்கு அர்ச்சகர் வரவில்லை. கம்பிக் கதவுக்கு உள்ளே இருட்டு. கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டியதுதான். லாரித் தாத்தா முன்மண்டபத்தில் குடையை மடக்கி வைத்துவிட்டு வழிகாட்டியிடம் விஷயத்தை உடைத்தார்.

"அம்மணி, நாங்க பூக் கேக்கத்தான் வந்தோம். நீங்க ரெண்டு பக்கத்துக்கும் சேராத ஆளு. பொட்டணத்த நீங்களே கட்டிக் குடுத்துருங்க."

"அதானே பாத்தேன்" என்றாள் அவள். "கோட்டை பாக்க வாரவிய தேங்காயோட வந்து நான் பாத்ததில்லீங்க. சாமி காரியம், எனக்கு இதெல்லாம் பழக்கமில்லீங்களே."

"வெள்ளை ஒண்ணு, செகப்பு ஒண்ணு. வேறொண்ணுமில்லீங்க."

அவள் மஞ்சள் பையை வாங்கிக்கொண்டு தூணுக்கு அந்தப் பக்கம் போனாள். மற்றவர்கள் முறைப்படி திரும்பி நின்றார்கள். விவரம் தெரியாத குழந்தையும் திரும்பி நிற்க வேண்டும். நான் தலையைத் திருப்பினேன், கண்ணைத் திருப்பவில்லை. அவள் பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். தேங்காயை எடுத்து வெளியே வைத்தாள். மறுபடி துழாவினாள். பிறகு நிமிர்ந்து அப்புச்சியின் முதுகைப் பார்த்தாள். அப்புச்சி எதிரே மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். சித்தியை ஒருமுறை பார்த்தாள். சித்தி கண்ணை மூடி நின்றிருந்தாள். பாவம், வழிகாட்டிக்கு வாழைநாரில் கட்டத் தெரியவில்லை, வெளியே சொல்ல வெட்கப்படுகிறாள் என்று நான் புரிந்துகொண்டேன்.

"ரெண்டும் ஆச்சுங்களா?" என்றார் லாரித் தாத்தா.

அவள் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "ரெண்டு பொட்டணமும் ஆச்சுங்க."

கம்பிக் கதவுக்கு முன்னால் கல்படியில் இரண்டு பச்சைப் பொட்டலங்கள். எல்லாரும் கும்பிட்டார்கள். என்னை முன்னால் விட்டார்கள். சாமி என் கையைப் பிடிக்கும் என்று நான் சொன்னது மற்றவர்களுக்காக. என்னிடம் திட்டம் இருந்தது. நந்தியாவட்டை தடித்த பூ, அரளி மெல்லிய பூ. ஆகவே எது உப்பலாக இருக்கிறதோ அதுதான் வெள்ளை. வலப்பக்கம் இருந்தது நன்றாக உப்பியிருந்தது. நான் கண்ணை மூடி, தயங்குவது போலக் கையை இப்படியும் அப்படியும் ஆட்டி, நேராக அதை எடுத்து லாரித் தாத்தாவிடம் கொடுத்தேன்.

அவர் நாரைப் பிரித்தார். இலை விரிந்தது. சிவப்பு.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பட்டுப்பாவாடையும் முன்சீட்டும் ஹார்னும் ஒரே சமயத்தில் போயின. சித்தி கண்ணைத் திறந்து பூவைப் பார்த்தாள், நம்பாமல் மறுபடியும் பார்த்தாள், தூணைப் பிடித்துக்கொண்டாள். லாரித் தாத்தாவின் முகம் சுருங்கிப்போயிற்று. அவர் பெரிய குரல்காரர், ஆனால் அப்போது மெதுவாகத்தான் பேசினார்.

"பெருமாளே வேண்டாம்னு சொல்லிட்டார். இனி நாம சொல்றதுக்கு என்ன இருக்குதுங்க." பிறகு அப்புச்சியின் கையைப் பிடித்தார். "உங்க மேல ஒரு கொறையும் இல்லீங்க. நீங்க வாக்கு மாறுற ஆளில்ல. அது ஊருக்கே தெரியும்."

அப்புச்சி கையை விடுவித்துக்கொண்டு அவரைப் பார்த்துக் கைகூப்பினார். கூப்பிய கை வெகுநேரம் இறங்கவே இல்லை. பெருமாள் இந்தப் பக்கம் இருக்க, இவர் ஏன் அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுகிறார் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. மழையில் திசை மாறிவிட்டது போல.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. சாமி ஒதுக்கியதை மனிதர் பார்ப்பது மரியாதையில்லை. ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அப்புச்சி அதை எடுக்கக் குனிந்தார். அதற்குள் லாரித் தாத்தா, "அதைக் கொழந்தையே உடட்டுமுங்க. கண்ணு, அக்கட்ட ஓடற தண்ணீல உட்டுப்போட்டு வா" என்று சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டார். நான் மண்டபத்தின் ஓரம் வரைக்கும் போனேன். தண்ணீர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் என் கைக்கு எட்டியும் கிடைக்காமல் போன வெள்ளைப் பூவைப் பார்க்காமல் எப்படி விடுவது? பொட்டலத்தை மழைக்கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, விட்டுவிட்டதாக வந்து சொன்னேன்.

கீழே இறங்கினோம். அடிவாரத்தில் லாரித் தாத்தா எல்லோருக்கும் கும்பிட்டு விடைபெற்று, அந்தப் பெரிய குடைக்குக் கீழே தனியாக நடந்து போனார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இன்றைக்கும் நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. வழிகாட்டி மஞ்சள் பையை அப்புச்சியிடம் நீட்டினாள்.

"இந்தக் கோட்டைக்கு எத்தனையோ பேரைக் கூட்டிட்டு வந்திருக்கேனுங்க" என்றாள். "கதவைத் தொறந்து உட்டவிய பேரு என்னன்னு கேட்டது நீங்க ஒருத்தர்தான்."

அப்புச்சி அவளையும் கும்பிட்டார். அன்றைக்கு அவருக்குக் கும்பிடுகிற நாள்.

பவானி தாண்டி ஒரு பேக்கரியில் அப்பா காரை நிறுத்தினார். மலையில் என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. டீயும் தேங்காய் பன்னும் சொல்லிவிட்டு, அம்மாவுக்குப் போன் போட மறுபடி காருக்கே போய்விட்டார். அப்புச்சி டீயை வாங்கிக்கொண்டு வெளியே தகரக் கூரைக்குக் கீழே நின்றார். உள்ளே மேசையில் சித்தியும் நானும் மட்டும். அவள் முகம் அன்றைக்குக் காலையில் இருந்த முகமே இல்லை. ஊரிலிருந்து வந்த புதிதில், என்னோடு பாண்டி விளையாடிய நாட்களில் அப்படி இருக்கும்.

நான் பொட்டலத்தை மேசைக்கு அடியில் வைத்துப் பிரித்தேன். உள்ளே செவ்வரளி. இலையைத் திருப்பிப் பார்த்தேன். செவ்வரளி மட்டும்தான்.

ஒரு நிமிடம் யோசித்தேன், விளங்கிவிட்டது. பெருமாள் அவ்வளவு பிடிவாதமாக இருந்திருக்கிறார். நான் எதை எடுத்தாலும் விடக்கூடாது என்று வெள்ளையையும் சிவப்பாக்கி வைத்துவிட்டார். ஒரு சாமிக்கு இவ்வளவு அடம் கூடாது. நான் பொட்டலத்தை மேசைமேல் வைத்தேன்.

"பாருங்க சித்தி. எம்மேல ஒரு தப்பும் இல்ல. இதுலயும் செகப்புத்தான். சாமியே மாத்திருச்சு."

சித்தி அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஏதோ கேட்க வந்தவள், கேட்காமல் என் மழைக்கோட்டைக் கழற்றி, முந்தானையால் என் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள். கை மட்டும் துவட்டியது, யோசனை வேறெங்கோ இருந்தது. சடையிலிருந்து அந்த நந்தியாவட்டைப் பூ நழுவி என் பன்னுக்குப் பக்கத்தில் விழுந்தது. மழைக்கோட்டுக்குள் பத்திரமாக இருந்ததால் வாடக்கூட இல்லை.

துவட்டிய கை நின்றுவிட்டது.

"இது ஏது கண்ணு?"

"அப்புச்சி வெச்சு உட்டாருங்க."

"அப்புச்சிக்கு ஏது?"

"சொனையில நெறைய மெதந்துச்சு. வெள்ளைப் பூவு அத்தனையும் அதுக்குள்ளதான். அங்கயும் ஒரு சாமி இருக்குதாமா. அதுக்குப் போட்டுட்டாரு."

சித்தி கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தாள். அப்புச்சி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரோட்டில் தண்ணீரை வாரி இறைத்துப் போகும் லாரிகளைப் பார்த்து நின்றார். டீயைக் குடிக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். சித்தி வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. மலைமேல் அவள் கண்ணில் ஒரு சொட்டுக்கூட வரவில்லை; இங்கே, பேக்கரியில், எல்லாரும் பார்க்கும்படி.

எனக்கு மனசு கேட்கவில்லை. என்னதான் டெல்லி டெல்லி என்று சொன்னாலும், கைக்கு வந்த மாப்பிள்ளை போய்விட்டால் யாருக்கும் துக்கமாகத்தானே இருக்கும். அவள் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னேன்.

"அழுவாதீங்க சித்தி. லாரி வெச்சிருக்கற மாப்பிள்ளை வேற எங்கயாச்சும் கெடைப்பாங்க."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அந்த வெள்ளைப் பூவை எடுத்துத் தன் தலையில் செருகிக்கொண்டு எழுந்து வெளியே போனாள். அப்புச்சியின் பக்கத்தில் போய் நின்றாள். அவர் திரும்பி அவள் தலையைப் பார்த்தார். உடனே ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அப்புச்சி கையிலிருந்த டீயை அவளிடம் நீட்டினார், அவள் வாங்கிக் குடித்தாள்.

நான் உள்ளே இருந்தபடி அவர்களைப் பார்த்துக்கொண்டே என் தேங்காய் பன்னைத் தின்று முடித்தேன். பிறகு சித்தியுடையதையும் எடுத்துத் தின்றேன். துக்கத்தில் இருப்பவர்களுக்குப் பசிக்காது என்பது எனக்கு அப்போதே தெரியும்.